டெலாவேர் ஆற்றின் இரண்டு கரைகள்

“டிரைவிங் லைசென்ஸை ஐம்பது மாநிலமும் ஒத்துக்கொள்கிறது, துப்பாக்கி லைசென்ஸுக்கு மட்டும் என்ன கேடு?” பென்சில்வேனியாவில் கைத்துப்பாக்கி வாங்கி, கவுன்டி அதிகாரியான ஷெரிஃபின் அலுவலகத்தில் அதை மறைத்து எடுத்துச் செல்லும் லைசென்ஸ் அட்டையும் வாங்கிவிட்டவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி இது. கேள்வியில் தப்பில்லை. பதில்தான் எத்தனை முறை சொன்னாலும் தொண்டையில் சிக்குகிறது. டெலாவேர் ஆற்றின் மேற்கில் இருக்கும் பென்சில்வேனியாவின் பிலடெல்பியாவையும் கிழக்கில் இருக்கும் நியூ ஜெர்சியின் கேம்டனையும் இணைக்கும் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பாலத்தைக் காரில் கடக்க ஐந்து நிமிடம் போதும். மேற்குக் கரையில் இடுப்பில் மறைத்து வைத்திருக்கும் துப்பாக்கி சட்டப்படி சரி. அதே ஆள், அதே பெல்ட், அதே துப்பாக்கி, கிழக்குக் கரையில் இரண்டாம் தரக் குற்றம். நியூ ஜெர்சியில் அதற்கு ஐந்து முதல் பத்தாண்டு சிறை.

2022 ஜூன் 23 அன்று புரூயென் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்று தீர்ப்புச் சொன்னது: தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கியை வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வது அரசியல் சட்டம் தரும் உரிமை. அதோடு கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். அந்தத் தீர்ப்பு உடைத்தது ஒரு பூட்டைத்தான். நியூயார்க், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா, மேரிலாந்து, மாசசூசெட்ஸ், ஹவாய் போன்ற இடங்களில் “உனக்குத் துப்பாக்கி எதற்கு, தனிக் காரணம் சொல்” என்று கேட்டு, சொன்ன காரணம் போதாது என்று திருப்பி அனுப்பும் வழக்கம் இருந்தது. அது செல்லாது என்றாயிற்று. லைசென்ஸ் முறையோ, பயிற்சி நிபந்தனையோ, பின்னணிச் சோதனையோ போகவில்லை. ஒரு மாநிலத்தின் அட்டையை இன்னொரு மாநிலம் மதித்தே ஆகவேண்டும் என்று அந்தத் தீர்ப்பில் ஒரு வரியும் இல்லை. அப்படி மதிக்க வைக்கும் மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டில் அப்படியே தூங்கிப்போனது.

ஆக, உரிமை நாடு முழுக்க, அனுமதி மாநிலத்துக்குள் மட்டும். இந்த முரண் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

20 டாலரும் ஒரு படிவமும்

பென்சில்வேனியா அட்டை வாங்குவது அவ்வளவு எளிது. வயது 21 ஆகியிருக்க வேண்டும். எஸ்.பி. 4-127 என்ற படிவத்தை நிரப்பி, குடியிருக்கும் கவுன்டியின் ஷெரிஃபிடம் கொடுக்க வேண்டும். பிலடெல்பியா நகரவாசி என்றால் ஷெரிஃபிடம் அல்ல, நகரக் காவல்துறையிடம் போக வேண்டும். குடும்பத்தைச் சேராத இரண்டு பேரை அத்தாட்சிக்குக் குறிப்பிட வேண்டும். கட்டணம் 20 டாலர். 45 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். அட்டை ஐந்தாண்டு செல்லும். வகுப்பு கிடையாது. எழுத்துத் தேர்வு கிடையாது. ஒரு தோட்டாகூடச் சுட்டுக் காட்ட வேண்டியதில்லை.

எளிது என்றாலும் இடறி விழுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் பழைய வழக்கு பற்றிய கேள்வியில். “நான் ஜெயிலுக்கே போகவில்லையே, அபராதம் கட்டிவிட்டு வந்தேன்” என்பார்கள். மத்திய சட்டம் பார்ப்பது எத்தனை நாள் உள்ளே இருந்தீர்கள் என்பதை அல்ல. அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு தண்டனை தர முடியும் என்பதைத்தான். மாநிலச் சட்டத்தில் “மிஸ்டிமீனர்” எனப்படும் சிறு குற்ற வகையாக இருந்து, உச்ச தண்டனை இரண்டாண்டைத் தாண்டாவிட்டால் தப்பிக்கலாம். பென்சில்வேனியாவில் இரண்டாம் தர மிஸ்டிமீனருக்கு உச்சம் இரண்டாண்டு, முதல் தரத்துக்கு ஐந்தாண்டு. சில வகைக் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்குகள், முக்கியமாக இரண்டாம் முறை மாட்டியவை, முதல் தரத்தில் போய் உட்காரும். ஒருநாள்கூடச் சிறை பார்க்காத ஆசாமி இப்படித்தான் துப்பாக்கி தொடக்கூடாதவர் ஆகிவிடுகிறார். இன்னொரு கண்ணி, உள்ளூரில் “302” என்று எண்ணாலேயே அழைக்கப்படும், மனநலச் சிகிச்சைக்காகக் கட்டாயமாக மருத்துவமனையில் சேர்ப்பது. மருத்துவமனையில் சில நாள் இருந்தது என்று குடும்பம் மறந்திருக்கும், மாநிலக் காவல்துறையின் பதிவு மறக்காது. இவற்றைத் தெரிந்தே மறைத்து “இல்லை” என்று டிக் செய்தால் அது தனிக் குற்றம். சந்தேகம் இருந்தால் கையெழுத்துப் போடும் முன் பழைய நீதிமன்றத் தாளைத் தேடி எடுத்து, குற்றத்தின் தரம் என்ன என்று பார்க்க வேண்டும்.

பென்சில்வேனியாவுக்குள்ளேயே கால் இடறும் இடம் கார். வெளியே தெரியும்படி துப்பாக்கியை மாட்டிக்கொண்டு நடந்துபோக, பிலடெல்பியா தவிர மற்ற இடங்களில் அட்டை தேவையில்லை. நடந்துபோனவர் அப்படியே காரில் ஏறி உட்கார்ந்தால் தேவை. இருக்கையின் மேல் பட்டவர்த்தனமாக வைத்திருந்தாலும் வண்டிக்குள் குண்டு போட்ட கைத்துப்பாக்கி லைசென்ஸ் கணக்கில்தான் வரும். தெருவில் இருந்த சட்டம் கார்க்கதவு திறந்ததும் மாறிவிடுகிறது.

இந்த அட்டையோடு யாரும் வரைபடம் தருவதில்லை. மேற்கே ஒஹாயோ, மேற்கு வர்ஜீனியா இரண்டிலும் 21 வயதானவருக்கு லைசென்ஸே வேண்டாம். 2024-இல் லூசியானாவும் தென் கரோலினாவும் சேர்ந்தபின் அப்படிப்பட்ட மாநிலங்கள் 29. கிழக்கே நியூ ஜெர்சி, வடக்கே நியூயார்க், தெற்கே மேரிலாந்து மூன்றும் வெளிமாநில அட்டையைக் காகிதமாகக்கூட மதிப்பதில்லை. அட்டை தருகிற மேசையில் ஒருவர் ஒரு நிமிடம் செலவிட்டு இதைச் சொன்னால் போதும். சொல்ல வேண்டும் என்று சட்டம் இல்லை, அதனால் சொல்வதுமில்லை.

ஒரு லேன் மாற்றம்

2013 அக்டோபரில் நடந்ததை இந்தப் பக்கம் துப்பாக்கி வைத்திருக்கும் எல்லோரும் எப்போதாவது கேட்டிருப்பார்கள். பிலடெல்பியாவில் வசித்த 27 வயதுப் பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், இரண்டு முறை கொள்ளையர் கையில் சிக்கியவர். அதற்குப் பிறகு முறைப்படி பென்சில்வேனியா அட்டையும் துப்பாக்கியும் வாங்கினார். நியூ ஜெர்சியில் அட்லான்டிக் கவுன்டியில் போகும்போது லேன் மாறியது சரியில்லை என்று போலீஸ் நிறுத்தியது. கேட்பதற்கு முன்பே அவராகவே சொன்னார்: என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, இதோ லைசென்ஸ். அட்டையை நீட்டினார். கைது செய்தார்கள். நாற்பது நாளுக்கு மேல் சிறையில் இருந்தார்.

அந்த மாநிலத்தில் கிரேவ்ஸ் சட்டம் என்று ஒன்று உண்டு. துப்பாக்கிக் குற்றங்களுக்குப் பரோல் இல்லாத குறைந்தபட்சத் தண்டனையை அது கட்டாயமாக்குகிறது. அவருக்கு வந்த கணக்கு குறைந்தது 42 மாதம். முதல்முறை மாட்டியவர்களுக்குச் சிறைக்குப் பதிலாக வழக்கமாகத் தரும் மாற்றுத் திட்டத்தைக் கேட்டபோது அரசு வழக்கறிஞர் முதலில் மறுத்தார். ஊரெல்லாம் சத்தம் எழுந்தபின் 2014 செப்டம்பரில் மாநிலத் தலைமை வழக்கறிஞர் ஒரு விளக்கக் குறிப்பு வெளியிட்டார். தன் மாநிலத்தில் சட்டப்படி துப்பாக்கி வைத்திருந்து, தெரியாமல் எல்லை தாண்டி வந்தவர்களைப் பெரும்பாலும் சிறைக்கு அனுப்ப வேண்டாம் என்பது அதன் சாரம். அவருக்கும் மாற்றுத் திட்டம் கிடைத்தது. 2015 ஏப்ரலில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பே வழங்கினார்.

சட்டம் தெரியாது என்பது சாக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். என்னால் முடியவில்லை. மறைக்க நினைத்தவர் வாயைத் திறந்திருக்க மாட்டார். அட்டையை எடுத்து நீட்டியது, அது செல்லும் என்று நம்பியதால்தான். அதே சமயம், நியூ ஜெர்சி ஒன்றும் ரகசியச் சட்டம் வைத்திருக்கவில்லை. சட்டப் புத்தகத்தில் பல ஆண்டுகளாக அச்சாகி இருப்பதுதான். என் கோபம் நிஜத்தில் பாலத்தின் இந்தப் பக்கம்தான் திரும்புகிறது. 20 டாலரை வாங்கிக்கொண்டு, ஆற்றின் அந்தப் பக்கம் இது குற்றம் என்ற ஒரு வரியைக்கூட முதுகில் அச்சடிக்காத அட்டை அது. துப்பாக்கி உரிமைக்காரர்கள் பயிற்சி நிபந்தனை என்றாலே உரிமைப் பறிப்பு என்று பொங்குகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு இரண்டு மணிநேர வகுப்பு ஒன்று கட்டாயமாக இருந்திருந்தால் அது எந்த உரிமையைப் பறித்திருக்கும் என்று எனக்குப் புரியவில்லை.

2014-இன் குறிப்பை நம்பி யாரும் கிளம்பிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். அது அரசு வழக்கறிஞர்களுக்கான வழிகாட்டல். கைதும், வண்டியை இழுத்துப் போவதும், ஜாமீனும், வக்கீல் செலவும் அப்படியே இருக்கின்றன.

ஒரே பெல்ட்டில் மூன்று வழக்கு

நியூ ஜெர்சியில் பெர்மிட் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது முதல் தலைவலிதான். குளோக் 19 என்ற கைத்துப்பாக்கி வாங்கினால் பெட்டியோடு வருவது 15 தோட்டா மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் கூடு. நியூ ஜெர்சியில் 2018 முதல் 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின் தனிக் குற்றம், அதற்குள் ஒரு தோட்டாவும் இல்லாவிட்டாலும். தற்காப்புக்கு நாடு முழுக்கப் பெரும்பாலோர் போடுவது ஹாலோ பாயின்ட் தோட்டா. முனை குழிந்திருப்பதால் உடம்பில் பட்டதும் விரிந்து பெரும்பாலும் நின்றுவிடும், பின்னால் நிற்கிறவர் வரை துளைத்துப் போகும் வாய்ப்பு குறைவு. நியூ ஜெர்சியில் அதை வீட்டிலும், சுட்டுப் பழகும் ரேஞ்சிலும் வைத்துக்கொள்ளலாம், இடுப்பில் மாட்டிக்கொண்டு வீதியில் போகக் கூடாது. அந்த மாநிலப் பெர்மிட் வைத்திருப்பவர்கள் குழியில் பாலிமர் அடைத்த தோட்டாவைப் போட்டுக்கொள்கிறார்கள். அதை மாநிலக் காவல்துறை ஹாலோ பாயின்டாகக் கணக்கெடுப்பதில்லை. இப்படி ஒரு வேறுபாடு இருப்பது பென்சில்வேனியாக்காரர் ஒருவருக்கு எப்படித் தெரியும்?

நியூ ஜெர்சியின் சொந்தப் பெர்மிட் இன்று எட்டாக்கனி அல்ல. புரூயென் தீர்ப்புக்கு மறுநாளே “நியாயமான தேவை” நிரூபிக்கச் சொல்லும் விதியைக் கைவிட்டார்கள். 2022 டிசம்பர் சட்டப்படி கட்டணம் 200 டாலர், நற்சான்று சொல்ல உறவினரல்லாத நான்கு பேர், இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல், சுடும் தேர்வில் 50 தோட்டாவில் 80 விழுக்காடு. வெளிமாநிலத்தவரும் மாநிலக் காவல்துறை வழியாக விண்ணப்பிக்கலாம். வாரம் இருமுறை ஆற்றைத் தாண்டுகிறவருக்கு இதுதான் ஒழுங்கான வழி. கிடைத்தபிறகும் பூங்கா, நூலகம், மதுக்கூடம், சூதாட்டவிடுதி, மருத்துவமனை என்று போகக்கூடாத இடங்களின் பட்டியல் நீளம். அதில் பல வரிகள் நீதிமன்றத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பதால், போன வருடம் படித்ததை இந்த வருடம் நம்ப முடியாது.

பெர்மிட் இல்லாமல் அந்த மாநிலத்தைக் கடந்து போக மட்டும் வேண்டுமானால் 1986-இன் மத்திய சட்டம் கைகொடுக்கும். புறப்படும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் வைத்திருப்பது சட்டப்படி சரியாக இருக்க வேண்டும், துப்பாக்கியில் குண்டு இருக்கக் கூடாது, துப்பாக்கியோ தோட்டாவோ பயணிகள் உட்காரும் பகுதியிலிருந்து எட்டக் கூடாது. டிக்கி தனியாக இல்லாத எஸ்யூவி என்றால் பூட்டிய பெட்டி வேண்டும். டாஷ்போர்டு அறையும் நடுக் கன்சோலும் பூட்டினாலும் கணக்கில்லை.

இந்தப் பாதுகாப்பு எவ்வளவு மெல்லிய கயிறு என்பதற்கு நியூவர்க் விமான நிலையத்தில் 2005-இல் நடந்தது சாட்சி. யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்குப் போன பயணி, துப்பாக்கியை முறைப்படி அறிவித்து, பூட்டிய பெட்டியில் செக்-இன் செய்திருந்தார். நியூவர்க்கில் அடுத்த இணைப்பு தவறியது. பெட்டி கைக்கு வந்தது. இரவு ஹோட்டலில் தங்கினார். காலையில் திரும்பி வந்து, கவுன்டரில் மறுபடி ஒழுங்காக அறிவித்தார். அங்கேயே கைது. குற்றச்சாட்டு பிறகு கைவிடப்பட்டாலும், அவர் தொடுத்த வழக்கில் 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத்தான் சொன்னது: ஹோட்டல் அறையில் பெட்டி எட்டும் தூரத்தில் இருந்த இரவு மத்திய சட்டத்தின் நிழல் அவர்மேல் விழவில்லை. இப்படி மாட்டிக்கொண்டால் பெல்ட்டில் சுற்றும் பெட்டியை எடுக்காமல், விமான நிறுவனத்திடமோ காவலரிடமோ சொல்லி அவர்கள் பொறுப்பில் விடுவதுதான் வழி.

விசாவில் இருப்பவர்கள்

பென்சில்வேனியாவின் எக்ஸ்டனிலிருந்து நியூ ஜெர்சியின் பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குச் சனிக்கிழமை போய்வரும் நம்மவர்களுக்கு மேலே சொன்ன எல்லாம் பொருந்தும். ஆனால் எச்-1பி, எல்-1, எஃப்-1 என்று குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவருக்கு அதற்கும் முன்னால் ஒரு கதவு மூடியிருக்கிறது. மத்திய சட்டப்படி அவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். 2022 முதல் அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தவும் முடியும். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. விசாவில் இருப்பவருக்குள்ள வழக்கமான விதிவிலக்கு வேட்டை லைசென்ஸ். இதைக் கேட்டதும் சிரிப்பார்கள், ஆனால் அச்சிட்ட சட்டம் அதுதான். பென்சில்வேனியா வேட்டை லைசென்ஸ் ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் காலாவதியாகும். ஜூலை 1 காலையில் அதைப் புதுப்பிக்காதவரிடம் துப்பாக்கி இருந்தால், முந்தைய இரவு சரியாக இருந்தது அன்று மத்தியக் குற்றம். கணவர் எச்-1பி, மனைவி குடியுரிமை பெற்றவர் என்றால், மனைவியின் துப்பாக்கி இருக்கும் பெட்டியின் சாவியோ எண்ணோ கணவருக்குத் தெரியாமல் இருப்பது நல்லது. கையில் பிடித்தால்தான் “வைத்திருத்தல்” என்று நீதிமன்றங்கள் பார்ப்பதில்லை.

நம் ஊரில் ஆயுத லைசென்ஸிலேயே எந்தப் பகுதிக்குள் செல்லும் என்று எழுதியிருக்கும். மாநிலத்துக்குள் மட்டும் என்றால் அதைத் தாண்டக் கூடாது என்று வாங்கும்போதே தெரியும். பென்சில்வேனியா அட்டையில் அந்த ஒரு வரிதான் இல்லை.

இன்னொரு மத்திய விதி, லைசென்ஸ் தேவையில்லாத மாநிலத்தில்கூட லைசென்ஸ் வாங்கச் சொல்லி நான் வற்புறுத்துவதற்குக் காரணம். பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது. பள்ளி இருக்கும் அதே மாநிலம் தந்த லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. தனியார் இடத்துக்குள் இருந்தாலோ, குண்டில்லாமல் பூட்டிய பெட்டியில் இருந்தாலோ பிரச்சினையில்லை. ஒஹாயோவில் லைசென்ஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டு பள்ளியைக் கடந்து வண்டி ஓட்டும் பென்சில்வேனியாக்காரர், ஒஹாயோ சட்டப்படி சரி, மத்தியச் சட்டப்படி சிக்கல். இதற்காக யாரையும் தெருவில் நிறுத்திப் பிடிப்பதில்லை. வேறு எதற்காகவோ பிடித்தால் இதையும் சேர்த்துக் கட்டுவார்கள்.

பாலத்துக்கு முன்

போலீஸ் நிறுத்தினால் என்ன செய்வது என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மிச்சிகனில் உடனே சொல்லியாக வேண்டும். நியூ ஜெர்சிப் பெர்மிட்காரரும் சொல்ல வேண்டும். பென்சில்வேனியாவில் கேட்டால் அட்டையைக் காட்டினால் போதும். 2016 ஜூலையில் மின்னசோட்டாவில் பெர்மிட் வைத்திருந்த ஃபிலான்டோ காஸ்டில் தன்னிடம் துப்பாக்கி இருப்பதை மரியாதையாகச் சொன்னார். ஒரு நிமிடத்துக்குள் சுடப்பட்டு இறந்தார். சுட்ட அதிகாரி பிறகு விடுதலையானார். அதனால் சொல்லும் வரிசை முக்கியம்: இரவானால் உள்விளக்கைப் போடு, இரண்டு கையும் ஸ்டியரிங் மேல், “துப்பாக்கி” என்ற சொல்லை முதல் சொல்லாக்காதே, லைசென்ஸ் இருக்கிறது என்று தொடங்கு, பர்ஸ் எந்தப் பையில் இருக்கிறது என்று சொல்லி, எடுக்கலாமா என்று கேட்டபிறகே கையை நகர்த்து. இவ்வளவும் ஒழுங்காகச் செய்தாலும் உத்தரவாதம் இல்லை.

ஆற்றைத் தாண்டுகிற நாளில் துப்பாக்கியை வீட்டுப் பெட்டகத்தில் விட்டுச் செல்வதே நல்லது. வழியில் கழற்றிக்கொள்ளலாம் என்று எடுத்துப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் சொதப்புகிறார்கள். வாகன நிறுத்தத்தில், மடியில் வைத்து, மேகசினை உருவி, துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடை இழுப்பார்கள். சுடத் தயாராகத் துப்பாக்கியின் அறையில் (சேம்பரில்) இருந்த தோட்டா துள்ளி இருக்கைக்கு அடியில் போய் விழும். தேடிக் கிடைக்காது. அந்த ஒற்றைத் தோட்டா ஹாலோ பாயின்ட் என்றால், துப்பாக்கி வீட்டில் இருந்தாலும் நியூ ஜெர்சியில் அது வழக்கு. கிடைத்துவிட்டது என்று அதையே தினமும் மறுபடி மறுபடி அறைக்குள் ஏற்றினால் தோட்டாவின் முனை அதன் உலோகக் கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். வெடிக்கும்போது உள்ளழுத்தம் எகிறும். புதுத் தோட்டா ஒன்றின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் குட்டையாகியிருப்பது கண்ணுக்கே தெரியும், அதைத் தூக்கிப் போட வேண்டும். பென்சில்வேனியாவுக்குள் நீதிமன்றத்துக்கோ மருத்துவமனைக்கோ போகும்போது கழற்றவேண்டி வந்தால், துப்பாக்கியை அதன் உறையான ஹோல்ஸ்டரை விட்டு உருவாமல், ட்ரிக்கர் மூடியபடி ஹோல்ஸ்டரோடு கழற்றி, இருக்கைச் சட்டத்தோடு கேபிள் போட்டுக் கட்டிய இரும்புப் பெட்டிக்குள் வைக்கலாம். கவுன்டி நீதிமன்றத்தில் இதற்கு லாக்கர் தருவது சட்டப்படி அவர்கள் கடமை, கேட்டு வாங்கலாம். நியூ ஜெர்சி ரேஞ்சுக்குப் போகிற நாளில் வீட்டிலேயே குண்டை எடுத்து, மூடிக் கட்டிய பெட்டியில் போட்டு, பெட்டியை டிக்கியில் பூட்டி, 15 தோட்டா மேகசின்களை எண்ணி வீட்டிலேயே வைத்துவிட்டு, நேராகப் போய் நேராகத் திரும்ப வேண்டும். நடுவில் மாலுக்கும் மாமியார் வீட்டுக்கும் திருப்பக் கூடாது. அவசியமான நிறுத்தத்துக்கு மேல் வழி விலகினால் ரேஞ்சுக்குப் போய்வருகிறவருக்கான விலக்கு போய்விடும்.

ஃபிராங்க்ளின் பாலத்தில் சுங்கம் பென்சில்வேனியாவுக்குத் திரும்பும் திசையில் மட்டும்தான் வசூலிக்கிறார்கள். நியூ ஜெர்சிக்குப் போகும் பக்கம் சாவடி இல்லை, வண்டியை நிறுத்தி இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள ஒதுங்கும் இடமும் இல்லை.